கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பாலே ஆடாத ஒருவர் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் பெரிய ஆளாக முடியுமா?

முடியும். ஆண்டோனியோ கேட்ஸ் ஆகியிருக்கிறார். ஆனால் "ஃபுட்பாலே தெரியாத பாஸ்கெட்பால்காரர் திடீரென்று வந்து கலக்கிவிட்டார்" என்று இதைச் சொல்வார்கள் பாருங்கள், அதில் பாதிதான் உண்மை.

கேட்ஸ் டெட்ராய்ட்காரர், பள்ளியிலேயே இரண்டு ஆட்டத்திலும் கெட்டிக்காரர். மிச்சிகன் ஸ்டேட்டில் சேர்ந்ததே இரண்டையும் ஆடலாம் என்றுதான். அப்போது அங்கே ஃபுட்பால் கோச்சாக இருந்த நிக் சேபன் (ஆமாம், பிற்பாடு அலபாமாவில் கோப்பைகளாக அள்ளிய அதே சேபன்தான்) ஃபுட்பால் மட்டும் ஆடச் சொல்ல, இவர் பாஸ்கெட்பாலை விட மனசில்லாமல் கிளம்பிவிட்டார். ஈஸ்டர்ன் மிச்சிகன், கலிஃபோர்னியாவில் ஒரு ஜூனியர் கல்லூரி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒஹாயோவில் உள்ள கென்ட் ஸ்டேட்டில் போய் நின்றார். 2002 கல்லூரி பாஸ்கெட்பால் தேசியப் போட்டியில் அந்தச் சின்ன அணி ஓக்லஹோமா ஸ்டேட், அலபாமா, பிட்ஸ்பர்க் என்று வரிசையாகப் பெரிய தலைகளைச் சாய்த்து கடைசி எட்டு வரை போனது, அதில் கேட்ஸின் பங்கு பெரிது.

சரி, தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ? அங்கேதான் சிக்கல். உயரம் 6 அடி 4 அங்குலம். நமக்கு அது பனைமர உயரம், ஆனால் கூடைக்கு அடியில் அவர் ஆடிய பவர் ஃபார்வர்ட் இடத்துக்கு என்பிஏவில் அது குள்ளம். அதே உடம்பு ஃபுட்பாலில் டைட் எண்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று ஒரு பந்தில் எதிராளியை முட்டித் தள்ள வேண்டும், அடுத்த பந்தில் ஓடிப்போய்ப் பாஸ் பிடிக்க வேண்டும், இதுதான் டைட் எண்டின் வேலை. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் 2003இல் யாரும் இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, சான் டியாகோ சார்ஜர்ஸ் அணி தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

அவர் பந்து பிடிக்கும் விதத்தைக் கவனித்துப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் ஓடி ஓடி ஆளைக் கழற்றிவிடப் பார்க்க மாட்டார். சட்டென்று நின்று திரும்பி, தடுக்க வருபவனை முதுகுக்குப் பின்னால் போட்டு, இடுப்பை அகட்டி இடத்தைப் பிடித்துக்கொள்வார். பாஸ்கெட்பாலில் கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுக்கச் செய்வார்களே, அச்சு அசல் அதேதான். சார்ஜர்ஸில் பாஸ் போடும் குவார்ட்டர்பேக்கான ஃபிலிப் ரிவர்ஸ் பந்தை மேலே தூக்கிப் போடுவார், பின்னால் இருப்பவன் இவரைச் சுற்றிக் கையை நீட்டுவதற்குள் கதை முடிந்திருக்கும்.

ஆனாலும் வந்த உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் வருஷம் 24 கேட்ச், 2 டச்டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தொட்டுப் புள்ளி எடுப்பது), அவ்வளவுதான். 2004இல் 81 கேட்ச், 13 டச்டவுன், அன்றைக்கு டைட் எண்டுகளில் அது சாதனை. 2010இல் பாத வலியோடு பத்தே ஆட்டம் ஆடி 10 டச்டவுன் அடித்தார், என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த சீசன் அதுதான். 2018 வரை 16 சீசன், எல்லாம் ஒரே அணியில், மொத்தம் 116 டச்டவுன். டைட் எண்டுகளில் இதைத் தாண்டியவர் இன்னும் இல்லை. கேட்ச் கணக்கிலும் பந்தோடு முன்னேறிய யார்டு கணக்கிலும் இன்னொரு டைட் எண்டான டோனி கான்சாலஸ் ரொம்ப மேலே இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்து யார்டில் எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டுமென்றால் கேட்ஸைத்தான் எடுப்பேன். என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. 2015இல் தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் 2024இல் கழற்றிவிட்டார்கள், 2025இல் எடுத்துக்கொண்டார்கள்.

இவருக்கப்புறம் அணிகள் பாஸ்கெட்பால் மைதானங்களில் டைட் எண்ட் தேட ஆரம்பித்தன. அப்படி வந்தவர்களில் ஜிம்மி கிரஹாம் பெரிய பெயர், மயாமியில் பாஸ்கெட்பால் ஆடிவிட்டு ஒரே ஒரு வருஷம் ஃபுட்பால் ஆடியவர். (டச்டவுன் அடித்துவிட்டு பாஸ்கெட்பாலில் கூடைக்குள் பந்தை அடிப்பது மாதிரி கோல்போஸ்டில் டங்க் பண்ணி அதை வளைத்தே விட்டார், அடுத்த சீசனிலிருந்து லீக் அந்தக் கொண்டாட்டத்தையே தடை செய்தது!) தேறாமல் போனவர்கள்தான் அதிகம். பந்து பிடிப்பது சீக்கிரம் வந்துவிடும், 270 பவுண்டு ஆள் மோத வரும்போது காலை ஊன்றி நின்று பிளாக் பண்ணுவது வராது. கேட்ஸுக்குப் பள்ளி நாளிலேயே அந்த மோதல் பழக்கம் இருந்தது. அதனால் உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த வழியில் போக நினைத்தால், பள்ளியிலாவது ஹெல்மெட் மாட்டி ஆடியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.