புழுவுக்கு ஆயுள் கூட்டிய சுகர் மாத்திரை நமக்கும் கூட்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை நோய் இல்லை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை போட்டால் ஆயுள் கூடும், புழுக்களில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாக்கிங் வரும் நண்பர் சொல்கிறார். அவரே தினமும் ஒன்று போடுகிறார். நானும் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் சொல்லும் ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தப் புழு சி. எலிகன்ஸ் என்ற நூற்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம். வளர்ந்த புழுவில் இனப்பெருக்க செல்கள் போக 959 செல்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். பிளாட்டினம் கம்பியால் மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். அசையாவிட்டால் இறந்ததாகக் கணக்கு. 1993இல் உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற ஒரே மரபணுவில் பழுதுள்ள புழுக்கள் இருமடங்கு காலம் வாழ்வதைக் காட்டியது. நம் செல்களில் இன்சுலினின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியின் மரபணுவுக்கு அது உறவுக்காரன் என்று பிறகு தெரிந்தது. இன்சுலின் சமிக்ஞை தணிந்தால் டாஃப்-16 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், செல்லைப் பாதுகாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அப்புறம் சர்க்கரை மருந்துகள் மேல் கண் போனதில் வியப்பில்லை.

சரி, மெட்ஃபார்மினுக்கு வருவோம். ஆய்வகத்தில் இந்தப் புழுக்கள், தட்டில் படர்ந்திருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவை மேய்ந்துதான் வாழ்கின்றன. 2013இல் வெளியான ஆய்வில், மருந்து முக்கியமாக வேலை காட்டியது புழுவிடம் இல்லை, அதன் சாப்பாட்டிடம் என்று தெரிந்தது. பாக்டீரியாவின் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்), மெத்தியோனின் (ஒரு அமினோ அமிலம்) உற்பத்தி மாறிப்போக, அதைத் தின்ற புழுவுக்கு மெத்தியோனின் குறைந்து ஆயுள் கூடியது. பாக்டீரியாவே கொடுக்காமல் வளர்த்தபோது அதே மருந்து புழுவின் ஆயுளைக் குறைத்தது!

உங்கள் வயதுக்கு இதைவிட முக்கியம் 2020இல் வந்த ஆய்வு. இளம் புழுவுக்கு நன்மை செய்த மெட்ஃபார்மின், வயதான புழுவைச் சீக்கிரம் கொன்றது. இந்த மருந்து, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தை மட்டுப்படுத்தும். இளம் செல் வேறு வழியில் ஆற்றலைத் தேடிக்கொள்ளும். முதிர்ந்த செல்லால் அது முடியாமல் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்துபோகிறது. ஆய்வகத்தில் முதுமையாக்கிய மனித செல்களிலும் இதே தள்ளாட்டம் தெரிந்தது.

மனிதர்களுக்கு வந்தால், சர்க்கரை நோய் இல்லாதவர்களின் ஆயுளை இது கூட்டும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2019இல் வந்த ஒரு சோதனையில், மெட்ஃபார்மின் சாப்பிட்டபடி உடற்பயிற்சி செய்த முதியவர்களுக்குப் பயிற்சியின் பலன் குறைவாகவே கிடைத்தது. நடக்கப் போகும் இடத்தில் நண்பர் கொடுத்த யோசனை என்பதால் சொல்கிறேன்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) உங்களுக்கு 5.7 முதல் 6.4 சதவீதத்துக்குள், அதாவது சர்க்கரை நோயின் விளிம்பில், இருந்தால் விஷயம் வேறு; அப்போது மருத்துவரே இதைப் பரிசீலிக்கலாம். நண்பர் நிறுத்த மாட்டேன் என்றால், மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.