ரியல் ஏல் பப்: பம்பை எண்ணாதீர்கள், பீப்பாய் எப்போது திறந்தது என்று கேளுங்கள்

(இங்கிலாந்தில் நர்ஸ் வேலையிலும் ஐ.டி. வேலையிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மதுப்பழக்கம் இல்லாதவர்கள் அடுத்த பக்கத்துக்குத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.)

தக்கலை வாசகர்: மகள் ஷெஃபீல்டில் இருக்கிறாள். ரயில் நிலையத்திலேயே ஒரு பழைய அறையைப் புதுப்பித்து பப் ஆக்கியிருக்கிறார்களாம். அங்கே ‘ரியல் ஏல்’ என்ற பீர் கிடைக்கும், வாருங்கள் என்கிறார் மருமகன். நம்மூர் பாட்டில் பீருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மருமகன் சொல்வது ‘ஷெஃபீல்டு டாப்’ என்ற பப்பை. 1904-ல் முதல் வகுப்புப் பயணிகளுக்காகக் கட்டிய சிற்றுண்டி அறை அது. பல காலம் பூட்டிக் கிடந்ததைப் பழைய டைல்ஸும் மரவேலையும் கெடாமல் சீர்செய்து 2009-ல் பப்பாகத் திறந்தார்கள்.

நம்மூர் பாட்டில் பீரை வடிகட்டி, சூடுகாட்டி, ஈஸ்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி அடைக்கிறார்கள். ஆறு மாதம் ஆனாலும் பெரிதாக மாறாது. ரியல் ஏலை வடிகட்டுவதும் இல்லை, சூடுகாட்டுவதும் இல்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறையில் இரண்டாம் முறை நொதித்துத் தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றாமல் கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள்.

உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி (பதநீர்), தடவாவிட்டால் மதியத்துக்குள் கள், மறுநாள் புளிப்பு. ரியல் ஏலும் அந்தச் சாதிதான். ஹாப்ஸ் பூவின் கசப்பும் நிலவறையின் குளிர்ச்சியும் சேர்ந்து அந்த ஓட்டத்தை மெதுவாக்குகின்றன, அவ்வளவே.

1960-களில் பெரிய கம்பெனிகள் வாயு ஏற்றிய ‘கெக்’ பீருக்கு மாறியபோது இந்த முறை மறைந்துபோகும் நிலை வந்தது. 1971-ல் நான்கு பேர் சேர்ந்து ‘காம்ரா’ என்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ‘ரியல் ஏல்’ என்ற பெயரை ஊரறியச் செய்தது அந்த இயக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண ‘பிட்டர்’ ஏலில் ஆல்கஹால் 3.5 முதல் 4.5 சதவீதம்தான். ஸ்ட்ராங் பீருக்குப் பழகியவருக்கு முதல் வாயில் சப்பென்று இருக்கும். பாதி கிளாஸ் வரை பொறுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: லண்டன் போய்வந்த நண்பர், ‘பளபளவென்று புதுப்பித்த பப், பத்து பம்ப், ஆனால் பீர் புளிப்பு’ என்கிறார். இத்தனை செலவு செய்தும் ஏன் அப்படி?

அந்தப் பத்து பம்ப்தான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு பம்புக்கும் கீழே ஒரு பீப்பாய் திறந்திருக்கும்.

பப்புகளுக்கு வரும் வழக்கமான பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். 9 காலன், அதாவது சுமார் 41 லிட்டர், 72 பைண்ட் கொள்ளும். அதைப் படுக்கை வாட்டில், அசையாமல், மரச்சட்டத்தில் வைப்பார்கள். வயிற்றுப் பக்கம் மேலே பார்த்திருக்கும் அடைப்பில் துளையிட்டு, காற்றுப் புகும் மென்மரக் குச்சி ஒன்றைச் செருகுவார்கள். உள்ளே மிஞ்சிய வாயு நுரைத்துக்கொண்டு அதன் வழியே வெளியேறும். நுரை அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கடினமரக் குச்சியை அடித்து, இருக்கிற வாயுவைக் காப்பார்கள். ஈஸ்ட் அடியில் தங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். பிறகுதான் விற்பனை.

பம்பை இழுக்கும்போது பீப்பாயில் இறங்கும் ஏலுக்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகக் கடினக் குச்சியைத் தளர்த்துவார்கள். காற்று புகுந்த நொடியிலிருந்து கெடத் தொடங்கும். முதல் நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் தாண்டினால் முதலில் மணம் போகும், பிறகு புளிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 72 பைண்டை மூன்று நாளில் முடிக்க ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 24 பைண்ட் ஓட வேண்டும் (அடிமண்டி போகக் கொஞ்சம் குறையும்). பத்து பம்ப் என்றால் 240. வெள்ளி, சனி ஓடும். செவ்வாய்க்கிழமை மதியம்? புதுப்பித்த கையோடு ‘நிறைய வகை வேண்டும்’ என்று பம்பைக் கூட்டிவிட்டு, விற்பனையைக் கூட்ட முடியாமல் விழிக்கும் பப்புகள் நிறைய. மூன்று பம்ப் வைத்து மூன்றையும் புதிதாக ஓட்டுகிற பப்பே மேல் என்பது என் கட்சி.

புதுப்பிக்கும்போது வரும் இன்னொரு கோளாறு கண்ணில் படாது. கவுண்டரை இடம் மாற்றினால் நிலவறையிலிருந்து வரும் குழாய் நீளும். இரவு முழுக்க அந்தக் குழாயில் தங்கிய ஏலைக் காலையில் இழுத்துக் கொட்ட வேண்டும். கொட்ட மனம் வராத இடத்தில் முதல் வாடிக்கையாளர் தலையில்தான் அது விழும். குழாயை வாரம் ஒருமுறை மருந்து விட்டுக் கழுவாவிட்டாலும் புளிப்பு வரும். நிலவறை 11 முதல் 13 டிகிரியில் இருக்க வேண்டும். புது சமையலறையின் சூடு அங்கே இறங்கினால் எல்லாமே வீண்.

ஆகவே உட்காரும் முன் கவுண்டரில் கேளுங்கள்: எது நன்றாக ஓடுகிறது, எதை இன்றைக்குத் திறந்தீர்கள்? நல்ல பப்பில் பதில் சட்டென்று வரும்.

மார்த்தாண்டம் வாசகர்: கலங்கலாக வந்தால் திருப்பிக் கொடுக்கலாமா? வெதுவெதுப்பாகத்தான் தருவார்களாமே?

வெதுவெதுப்பு அல்ல, நிலவறைக் குளிர்ச்சி. ஃபிரிட்ஜின் 4 டிகிரிக்குப் பழகிய வாய்க்கு 12 டிகிரி சூடாகத் தோன்றும். ஐஸாகக் குளிர்ந்தால் ஏலின் மணம் எழும்பாது. ஆனால் கிளாஸைத் தொட்டால் குளிர்ச்சியே தெரியவில்லை என்றால் அது குறைதான்.

கலங்கல் என்பதால் மட்டும் கெட்டது என்று சொல்ல முடியாது. சில ஏல்களைத் தெளிய வைக்காமலேயே விற்கிறார்கள், பம்பில் மாட்டிய அட்டையில் அப்படி எழுதியிருக்கும். எழுதாமல் கலங்கினால், பீப்பாயை யாரோ அசைத்திருக்கலாம் அல்லது அடிமண்டி வந்திருக்கலாம். முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் காற்றுப்பட்டுப் புளித்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் பழசு. வெண்ணெய் வாடை தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் நொதிப்பு சரியாக முடியவில்லை.

ஒன்றிரண்டு வாய்க்குள் கொண்டுபோய் ‘இது சரியில்லை போலிருக்கிறதே’ என்று சொன்னால் போதும், மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் குடித்துவிட்டுச் சொன்னால் முகம் மாறும். நுரை அதிகமாகி அளவு குறைந்திருந்தால் மேலே ஊற்றித் தரக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் பம்பின் மூக்கில் துளையிட்ட சிறு மூடி மாட்டி, கெட்டி நுரையோடு ஊற்றுவது வழக்கம்.

குழித்துறை வாசகி: பெண்கள், குழந்தைகள் போகலாமா? உள்ளே போய் என்ன செய்ய வேண்டும்?

தாராளமாகப் போகலாம். குடும்பமாகச் சாப்பிட வருபவர்களைப் பகலில் பார்க்கலாம். சிறுவர்களை எந்நேரம் வரை அனுமதிப்பது என்பது பப்புக்குப் பப் மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை சோடாவோ காபியோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

மேசையில் உட்கார்ந்து சர்வரை எதிர்பார்த்தால் உட்கார்ந்தபடியேதான் இருப்பீர்கள். கவுண்டருக்குப் போய் வாங்கி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். பைண்ட் என்பது 568 மில்லி. முதல் தடவை அரை பைண்ட் போதும். எந்த வகை என்று தெரியாவிட்டால் ருசி பார்க்க ஒரு வாய் கேளுங்கள், இலவசமாகத் தருவது வழக்கம். பம்பில் மாட்டிய அட்டை பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று பொருள், அதைக் கேட்டு நிற்க வேண்டாம். நாலு பேராகப் போனால் ஆளுக்கு ஒரு சுற்று, நாலு பேருக்கும் சேர்த்து வாங்குவது அங்குள்ள மரியாதை. சுற்று உங்களிடம் வரும்போது கைபேசியை நோண்டாதீர்கள்.

மகளோ மருமகனோ கார் ஓட்டுவதாக இருந்தால் அவர்களுக்கு ஏல் வேண்டாம். ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு இங்கிலாந்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50.

சுசீந்திரம் வாசகர்: நான் சுத்த சைவம். பீரில் என்ன மீன் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். குளச்சலில் மீனின் காற்றுப்பையைக் காயவைத்து வாங்கிப் போகிறவர்கள் பீருக்கு என்கிறார்களே?

அது வெறும் பேச்சல்ல. காற்றுப்பையிலிருந்து எடுக்கும் கொலாஜனை அமிலத்தில் கரைத்துப் பீப்பாயில் சேர்ப்பார்கள். ஐசிங்கிளாஸ் என்று பெயர். அதன் துகள்களில் நேர்மின்னூட்டம், ஈஸ்டில் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக் கனத்து அடியில் இறங்கிவிடும், மேலே கண்ணாடி போலத் தெளிந்த ஏல். பெரும்பகுதி மண்டியோடு தங்கிவிடுகிறது என்றாலும் அது சைவம் அல்ல. ‘வீகன்’ அல்லது ‘அன்ஃபைன்ட்’ (தெளிய வைக்காதது) என்று அட்டையில் எழுதியதை மட்டும் கேளுங்கள். இப்போது பல ஊர்களில் ஒன்றாவது கிடைக்கும்.

கருங்கல் வாசகர்: ரியல் ஏலை ஊருக்குக் கொண்டுவர வழி உண்டா?

பீப்பாய் ஏல் பயணம் தாங்காது. பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கும் ‘பாட்டில் கண்டிஷன்ட்’ ஏல் வாங்குங்கள். சுங்க வரியின்றி ஒருவர் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம், அரை லிட்டர் பாட்டில் நான்கு. பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் உள் தட்டில் நிமிர்த்தி வைத்து இரண்டு நாள் தொடாதீர்கள். கதவு ஆடும் என்பதால் அதில் வைக்க வேண்டாம். ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுத்து, கிளாஸைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் ஒரு விரற்கடை மிச்சம் விட்டுவிடுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் மண்டி கலங்கும். சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.