அணுக்கரு இயற்பியல் சொற்கள் மனப்பாடம் ஆகின்றன, அர்த்தம் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவர் தமிழ்வழி மாணவி. அரை ஆயுட்காலம், மாறுநிலை, தணிப்பான் மூன்றும் குழப்புகின்றனவாம். நான் மன்னார்குடிப் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுப்பவன். வருஷா வருஷம் பிள்ளைகள் வழுக்கி விழுவது இதே மூன்று இடத்தில்தான்.

அரை ஆயுட்காலம் என்ற சொல்லிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. "அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள்னா முழு ஆயுள் 16 நாள்தானே சார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அப்படி இல்லை. 8 நாளில் பாதி சிதையும். அடுத்த 8 நாளில், மிச்சம் இருப்பதில் பாதி. இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது நெல் அளந்துகொண்டே கணக்குச் சொல்லும் என் அப்பாயிதான். ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொன்றும் முந்தினதில் பாதி. ஆக 8 நாளில் அரை, 16இல் கால், 24இல் அரைக்கால், 32இல் வீசம், அதாவது 16இல் ஒரு பங்கு. நம் பழைய கீழ்வாய் எண்களே அரை ஆயுள் வாய்ப்பாடு மாதிரிதான் இருக்கின்றன!

இன்னொரு கணக்கு. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5730 ஆண்டு. பூம்புகார் பக்கம் கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையின் மரக்கம்பங்களுக்கு, கார்பன்-14 வைத்துத்தான் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று வயது கண்டார்கள். ஏறக்குறைய 2300 வருஷம், அரை ஆயுளில் பாதிகூட ஆகவில்லை. அப்படியானால் அந்தக் கட்டையில் கார்பன்-14 இன்னும் முக்கால் பங்கு மிச்சம். போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அடுத்தது மாறுநிலை. ஆஸ்பத்திரியில் 'கிரிட்டிகல்' என்றால் நமக்கு வயிற்றைக் கலக்கும். அணு உலைக்கு அதுதான் நல்ல சேதி. மேட்டூர் நிலவரம் பார்க்காமல் நம் பக்கம் பொழுது விடியாது இல்லையா? நீர்வரத்தும் வெளியேற்றமும் ஒன்றாக இருந்தால் நீர்மட்டம் அசையாது. யுரேனியம்-235 அணுக்கரு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான் கிளம்பும். அவற்றில் சரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கினால் தொடர்வினை ஏறாமல் இறங்காமல் போகும். அதுதான் மாறுநிலை. ஒன்றுக்குக் குறைந்தால் அணைந்துவிடும். கூடினால் ஏறிக்கொண்டே போகும்.

தணிப்பான் என்றதும் பாதிப் பேர் 'சூட்டைத் தணிப்பது' என்று எழுதிவிடுகிறார்கள். நானும் படிக்கிற காலத்தில் அப்படி எழுதி ஒரு மார்க்கைக் கோட்டை விட்டவன்தான். சூட்டை எடுத்துப்போவது குளிர்விப்பான். நியூட்ரானை விழுங்குவது கட்டுப்படுத்தும் கழி. தணிப்பான் குறைப்பது நியூட்ரானின் வேகத்தை மட்டும், எண்ணிக்கையை அல்ல. மெதுவாகப் போகிற நியூட்ரான்தான் யுரேனியம்-235இல் எளிதாக மாட்டும். கூடங்குளத்தில் சாதாரணத் தண்ணீர்தான் தணிப்பானும் குளிர்விப்பானும். ஒரே பொருள் இரண்டு வேலையும் பார்ப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 1985இல் கல்பாக்கத்தில் மாறுநிலையை எட்டிய சோதனை வேக ஈனுலையில் தணிப்பானே கிடையாது. பெயரில் உள்ள 'வேக'த்துக்கு அர்த்தமே அதுதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கதிரியக்கத்தையும் கதிர்வீச்சையும் ஒன்றாக நினைக்காதீர்கள். எக்ஸ்ரே மெஷினிலிருந்து வருவது கதிர்வீச்சு. ஸ்விட்சை அணைத்தால் போச்சு. கதிரியக்கத்துக்கு ஸ்விட்ச் இல்லை. அணுக்கரு தானாகச் சிதைகிறது. வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் மூட்டையிலேயே பொட்டாசியம்-40 துளியூண்டு இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, நம் உடம்பிலும் அது உண்டு.

பிளவு, இணைவு இரண்டும் சொல்லிலேயே விளங்கிவிடும். பிளவுக்கான ஆங்கிலச் சொல், 1939இல் உயிரியலின் செல் பிளவிலிருந்து கடன் வாங்கியது. இதைவிட வேடிக்கை 'பார்ன்'. அணுக்கரு ஒரு நியூட்ரானுக்கு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதை அளக்கும் அலகு அது. ஆங்கிலத்தில் பார்ன் என்றால் பண்ணையில் தானியமும் வைக்கோலும் போட்டுவைக்கிற பெரிய கொட்டகை. யுரேனியத்தின் கரு அவ்வளவு பெரிதாம்! இந்தக் கேலி நம் ஊரில் பிறந்திருந்தால் அலகுக்குப் பத்தாயம் என்று பெயர் வைத்திருப்பார்கள். உங்கள் பரீட்சைக்கு அது வராது.