விளையாட்டுப் போட்டிகளால் சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்பைப் பள்ளி மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். இத்தலைப்பு என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, போட்டி முடிந்தபின் மைதானத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களை மாணவர்களைக் கொண்டு அப்புறப்படுத்துவதுதான். நல்ல பழக்கம்தான், ஆனால் பாடம் அதோடு நின்றுவிட்டால், பெரிய போட்டிகளின் பாதிப்பில் பெரும்பங்கு அங்கே வந்துபோகும் பயணத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே பயணக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஏதாவது ஒரு போட்டியை எடுத்துக்கொண்டு, அணியினரும் நடுவர்களும் பார்வையாளர்களும் எந்த வாகனத்தில், எவ்வளவு தொலைவு, எத்தனை பேராக வந்தார்கள் என்பதை மாணவர்களே கேட்டு எழுதட்டும். அந்த வாகனம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தெரிந்தால் செலவான எரிபொருளின் அளவு கிடைத்துவிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோவும், பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோவும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார்: ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதிலிருந்து 2.7 கிலோ வாயு எப்படி வரும்? இந்தக் கேள்விக்காகவே இப்பாடத்தை நடத்தலாம். எரிபொருளில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால், 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. அதன்பின், அதே கூட்டம் ஒரே பேருந்தில் வந்திருந்தால் கணக்கு என்னவாகும் என்று கேட்டால், விடையை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கு கைவந்தபின் உலகப் போட்டிகளுக்குச் செல்லலாம். 2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையின் உமிழ்வு, அதாவது அதனால் காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் அளவு, ஏறத்தாழ 36 லட்சம் டன் என்றும், அதில் பாதிக்குச் சற்று மேல் பயணத்தால் வருவது என்றும் ஃபிஃபாவின் மதிப்பீடே கூறியது. அப்போட்டி கார்பன் சமநிலை கொண்டது, அதாவது வெளியிட்ட உமிழ்வை வேறு வழிகளில் ஈடுசெய்துவிட்டது என்று ஃபிஃபா விளம்பரப்படுத்தியதை, சுவிட்சர்லாந்தின் விளம்பரத் துறைக்கான நேர்மை ஆணையம் 2023இல் ஆதாரமற்றது, தவறாக வழிநடத்துவது என்று முடிவு செய்தது. நிரந்தர அரங்குகளைக் கட்டியதால் ஏற்பட்ட உமிழ்வை அரங்கின் முழு ஆயுட்காலத்துக்கும் பங்கிட்டு, போட்டி நடந்த நாட்களுக்குரிய சிறு பங்கை மட்டுமே கணக்கில் காட்டியிருந்தார்கள் என்பதும் விமர்சனங்களில் ஒன்று. போட்டிக்காகவே கட்டப்பட்ட அரங்கின் உமிழ்வை யார் கணக்கில் எழுதுவது என்பதை மாணவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதிடலாம். விகிதக் கணக்கும் தர்க்கமும் ஒருங்கே பயிற்சி பெறும் இடம் இது.

டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் பழைய கைப்பேசிகளிலிருந்தும் பிற மின்னணுக் கழிவுகளிலிருந்தும் பிரித்தெடுத்த உலோகத்தால் செய்யப்பட்டவை என்ற செய்தி மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும்; ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்காக 78,000 டன்னுக்கும் மேற்பட்ட சாதனங்கள் திரட்டப்பட்டன. சொல்லுங்கள், ஆனால் அதையே பாடத்தின் மையமாக்கிவிடாதீர்கள். பயணத்தின் எடைக்கு முன் பதக்கத்தின் எடை மிகச் சிறியது.

இயற்கைப் புல்தரைக்குப் பாய்ச்சும் தண்ணீரைப் பற்றிப் பேச, மகாராஷ்டிரத்தின் வறட்சியை முன்னிட்டு ஐபிஎல் போட்டிகளை மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி 2016இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நிகழ்வு ஒன்றே போதும். செயற்கைப் புல்தரையோ தண்ணீரை மிச்சப்படுத்தினாலும், அதில் தூவப்படும் ரப்பர் துகள்கள் நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அவற்றைத் தடை செய்யும் விதியை இயற்றி, மாற்று ஏற்பாடுகளுக்காக எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. எந்தத் தரை நல்லது என்பதற்கு ஒற்றை விடை இல்லை என்பதை மாணவர்கள் உணர்வதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் போதும்.

விளையாடுவதே குற்றம் என்ற எண்ணம் மட்டும் வகுப்பில் நுழையக் கூடாது. நடந்து வந்து திறந்த வெளியில் ஆடும் ஆட்டத்தின் உமிழ்வு மிகமிகக் குறைவு என்பதையும் அவர்களுடைய அட்டவணையே காட்டும். கீழ் வகுப்புகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. கிழிந்துபோன ஒரு பந்தை வெட்டிக் காட்டி, அதன் ஒவ்வோர் அடுக்கும் எதனால் ஆனது, குப்பைக்குப் போனபின் அதில் எது மட்கும், எது மட்காது என்று பிரித்து ஒட்டச் சொன்னாலே ஒரு வகுப்பு நேரம் போதாது.