மதுரையில் நர்ஸ் இன்டர்வியூ: தேவகோட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்த மகளுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து இன்டர்வியூ வந்திருக்கிறது, பத்து நாள்தான் இருக்கிறது, பிள்ளை பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், புது ஆள் முன்னால் வாயே திறக்கமாட்டாள் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் அம்மா. ஒரு வாரத்தில் இங்கிலீஷ் வராது, பயம்தான் கூடும். அந்த ஒரு வாரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகளை இந்த மாதிரி இன்டர்வியூக்களுக்குத் தயார் செய்து அனுப்புவது என் வேலை. இங்கிலீஷ் வராமல் திரும்பி வந்தவர்களைவிட, நான்கு வருடம் கையால் செய்த வேலையை வாயால் வரிசையாகச் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். மதிப்பெண் நன்றாக இருக்கும், போஸ்டிங்கில், அதாவது படிக்கும்போது மருத்துவமனை வார்டில் எடுக்கும் பயிற்சியில், நல்ல பெயர் இருக்கும். கேள்வி வந்ததும் "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்ற ஒரே பதிலோடு நின்றுவிடுவார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஒரு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், ஒரு எச்.ஆர். ஆள். முதல் இருவரும் இருபது முப்பது வருடம் வார்டில் நின்றவர்களாக இருப்பார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பெண்ணை நைட் டூட்டியில் விட்டுவிட்டுப் போனால் என் நோயாளி காலையில் பத்திரமாக இருப்பாரா? எந்தக் கேள்வி கேட்டாலும் அதைத்தான் சோதிக்கிறார்கள்.

அதனால் தினமும் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நீங்கள் உட்காருங்கள், மகள் பேசட்டும். உங்களுக்கு நர்சிங் தெரிய வேண்டியதில்லை. போஸ்டிங்கில் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லட்டும். நீங்கள் மூன்றே மூன்று கேள்வி கேட்டால் போதும்: முதலில் என்ன பார்த்தாய், யாரிடம் சொன்னாய், எங்கே எழுதினாய்? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வரும்வரை அதே கதையைத் திரும்பச் சொல்லட்டும். இரண்டு நாள் போனால் குரல் தானாக நிமிரும்.

இனி வருவது அவளுக்கு. கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பாப்பா, "ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, பத்தாவது நிமிடம் நோயாளி குளிர்கிறது, முதுகு வலிக்கிறது என்கிறார், என்ன செய்வாய்?" என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். டாக்டரைக் கூப்பிடுவது சரிதான், ஆனால் அது முதல் காரியம் இல்லை. ஏறும் ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிகுறி இது, முதலில் அதை நிறுத்த வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு மில்லியும் கெடுதல். கையில் குத்தியிருக்கும் கேனுலாவைப் பிடுங்கிவிடாதே, புது செட்டில் (சொட்டு இறங்கும் குழாய்) நார்மல் சலைன் போட்டு லைனைக் காப்பாற்று, மருந்து கொடுக்க அந்த வழி தேவைப்படும். கூடவே டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் தகவல். பி.பி., நாடி, மூச்சு, காய்ச்சல் பார். ரத்தப் பையில் இருக்கும் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), ரத்த வகை மூன்றையும் நோயாளியோடு மறுபடி சரிபார். பையையும் செட்டையும் குப்பையில் போட்டுவிடாமல் ரத்த வங்கிக்கு அனுப்பு. எல்லாவற்றையும் நேரம் போட்டுக் கேஸ் ஷீட்டில் எழுது. இதை உனக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, படித்ததுதான். இந்த வரிசையில், நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொட்டுக் கணக்கு நிச்சயம் கேட்பார்கள். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? உடனே கணக்குப் போடாதே. "எந்த செட் மேடம், மில்லிக்கு எத்தனை சொட்டு?" என்று கேள். செட்டின் கவரில் அது அச்சிட்டிருக்கும் என்பது உனக்குத் தெரியும் என்று அந்த ஒரு கேள்வியே காட்டிவிடும். 20 சொட்டு செட் என்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது சுமார் 42 சொட்டு. மனத்துக்குள் போட்டு விடையை மட்டும் சொல்லாமல், போடும் விதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடு. நடுவில் தப்பினாலும் வழி சரி என்று அவர்களுக்குத் தெரியும்.

மருத்துவக் கழிவு நிறங்களை இன்னொரு முறை பார்த்துக்கொள். ஊசியும் பிளேடும் வெள்ளை நிறப் பெட்டியில், டியூப், சலைன் செட், கையுறை சிவப்பில், ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில், கண்ணாடிக் குப்பியும் ஆம்பியூலும் நீலத்தில். இதோடு சேர்த்து "உன் கையில் ஊசி குத்திவிட்டால்?" என்பார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே ரிப்போர்ட் செய்ய வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. பயந்து மறைக்கும் பிள்ளையை எந்த இன்சார்ஜும் விரும்பமாட்டார்.

நம் சிவகங்கைச் சீமையிலிருந்து போகிறாய் என்றால் பாம்புக்கடி பற்றிக் கேட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கண்மாய்க்கரையிலும் வயலிலும் கடிபட்டு வருபவர்களை அரசு மருத்துவமனை போஸ்டிங்கில் பார்த்திருப்பாய். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்து உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சொல். பிளாஸ்டிக் குழாய் ஏன் கூடாது என்றும் சேர்த்துச் சொல்: ரத்தம் உறையத் தூண்டுவது கண்ணாடிதான், பிளாஸ்டிக்கில் வரும் முடிவை நம்ப முடியாது. விஷமுறிவு மருந்து ஏற்றும் முன் அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடாதே, அந்த மருந்துக்கே சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும்.

தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். அப்போது மருந்தின் அளவை மட்டும் யூகித்துச் சொல்லிவிடாதே. "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை மேடம், இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் கொடுப்பேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல். வார்டில் நோயாளியைக் காப்பாற்றும் பதில் அது, இன்டர்வியூவிலும் அதற்கு மதிப்பு உண்டு. பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுபோகும். அப்படிப்பட்ட மருந்துகள் இருக்கும் இடத்தில் யூகிக்கிற பிள்ளையை நம்பி யார் வார்டைக் கொடுப்பார்கள்?

"ஏன் நர்சிங் எடுத்தாய்?" என்றால், சேவை செய்யப் பிடிக்கும் என்று அன்றைக்கு வரும் எல்லோரும் சொல்வார்கள். உனக்குச் சொல்ல அதைவிட நல்லது இருக்கிறது. பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சிக்குத் தினமும் சர்க்கரை பார்த்து இன்சுலின் போட்டுவிட்டு வருவாய் என்று அம்மா எழுதியிருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஆச்சியும் ஒரு வேலைக்காரரும் மட்டும் இருப்பது நம் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அதை அப்படியே சொல். அடுத்த கேள்வி இன்சுலினில்தான் வரும், அது நீ தினமும் கைபட்டுச் செய்யும் வேலை. குப்பியைப் பிரிட்ஜில் எங்கே வைத்தாய், ஃப்ரீசரில் ஏன் வைக்கக் கூடாது, ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிப் போடுவது எதற்கு, ஒரு நாள் ஆச்சிக்கு வியர்த்துக் கை நடுங்கியபோது என்ன செய்தாய் என்று வரிசையாகச் சொல்லலாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால், நினைவு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புத்தகத்தில் இருக்கும் இதே பதில், ஆச்சியின் கையைப் பிடித்த பிள்ளையின் வாயிலிருந்து வரும்போது வேறு மாதிரி ஒலிக்கும்.

இங்கிலீஷ் பற்றி இவ்வளவுதான். உன் பெயர், படிப்பு, போஸ்டிங் செய்த வார்டுகள், இவை நான்கைந்து வாக்கியம் இங்கிலீஷில் தெளிவாக வந்தால் போதும். மருந்தும் கருவியும் ஏற்கெனவே இங்கிலீஷ் பெயரில்தான் உன் வாயில் இருக்கின்றன. கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லும்படி கேள். விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் "தமிழில் சொல்லலாமா மேடம்?" என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல். மேலூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வரும் நோயாளிகளிடம் நீ தமிழில்தான் பேசப்போகிறாய் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சரி, இனி மறுபடி அம்மாவுக்கு.

சான்றிதழ்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ்தான் முதலில் கேட்கப்படும். அது கைக்கு வரவில்லை என்றால் விண்ணப்பித்த ரசீதாவது ஃபைலில் இருக்கட்டும். அப்புறம் பெயர். வள்ளியம்மை, அழகம்மை, மெய்யம்மை மாதிரி நம் ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் இன்னொன்று, கவுன்சில் பதிவில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால் இந்த வேலைக்குச் சமாளித்துவிடலாம், வெளிநாடு என்று வரும்போது மாதக்கணக்கில் இழுத்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்தத் தொடங்குங்கள்.

அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. "சேரும்போது ஒரிஜினலை எங்களிடம் வையுங்கள்" என்று கேட்கும் இடங்கள் உண்டு. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட நகலை மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் அங்கே மாட்டினால் அரசுத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது பிள்ளை தவித்துப்போவாள். அந்தத் தவிப்பைப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு வேண்டாம்.

சம்பளம் என்ன எதிர்பார்க்கிறாய் என்றால் "நீங்கள் கொடுப்பது" என்று சொல்லக் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் பல இடங்களில் அதற்கும் கீழேதான் ஆரம்பிக்கிறார்கள் என்பது வருத்தமான உண்மை. ஆனாலும் அந்தத் தொகையை மகள் தயங்காமல் சொல்லட்டும். சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கையில் வருவது எவ்வளவு, ஹாஸ்டலுக்குப் பிடிப்பது எவ்வளவு, மாதம் எத்தனை நைட் டூட்டி, நைட் டூட்டிக்கு மறுநாள் ஓய்வு உண்டா என்று கேட்டுவிட்டு வரட்டும்.

கல்யாணம் பற்றிக் கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்கிறார்கள். "இப்போதைக்கு வேலை கற்றுக்கொள்வதுதான் என் எண்ணம்" என்று முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரன் பார்க்கும் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பத்து நாளாவது அதை அவள் காதில் போடாமல் இருங்கள்.

அப்பா கூட வருவது நல்லது, ஆனால் வெளியே வராந்தா வரைக்கும்தான். அறைக்குள் வந்து "பிள்ளை ரொம்ப நல்ல பிள்ளைங்க" என்று அவர் சொன்னால், அதுவரை அவள் எடுத்த நல்ல பெயர் குறைந்துவிடும். காளையார்கோவில், சிவகங்கை வழியாக மாட்டுத்தாவணி போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். நாளைக்கே சென்னையில் இன்டர்வியூ வந்தால், காலையில் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறிப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அது எழும்பூர் போய்ச் சேரவே மதியமாகிவிடும். முந்தைய நாளே போய்த் தங்குவதுதான் சரி.

அரசு வேலைக்குச் "சொல்லி வைக்க" ஒருவர் பணம் கேட்கிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ்களை எழுத்துத் தேர்வு மதிப்பெண், இடஒதுக்கீடு இரண்டையும் வைத்துத்தான் எடுக்கிறது, இன்டர்வியூவே கிடையாது. இன்டர்வியூவே இல்லாத இடத்தில் யாரிடம் போய் அவர் சொல்லி வைப்பார்? எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட்டும் தேர்வுதான், பி.எஸ்சி. முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். மதுரையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டுக்கும் படிக்கட்டும். வளைகுடா ஆசை இருந்தால் பெரும்பாலும் இரண்டு வருட வார்டு அனுபவம் கேட்பார்கள், அதற்கும் இந்த வேலைதான் முதல் படி.

ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். பாண்ட் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அனுபவச் சான்றிதழ் எப்போது தருவார்கள் என்ற மூன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே சொல்கிறேன்.