ஐசன்ஹவர் என்ற குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் 34ஆவது அதிபரின் பெயராக நமக்குத் தெரிந்த ஐசன்ஹவர், ஜெர்மன் மொழியில் தொழிலிலிருந்து வந்த பெயர். 'ஐசன்' என்றால் இரும்பு, 'ஹவர்' என்றால் வெட்டுபவர். மில்லர் (மாவு அரைப்பவர்), ஷ்மிட் (கொல்லர்) எல்லாம் இதே வகைதான். தொழிலே குடும்பத்துக்குப் பெயரானது.

இந்தக் குடும்பம் பிரான்ஸ் எல்லையை ஒட்டிய கார்ல்ஸ்புருன் ஊரிலிருந்து 1741இல் பென்சில்வேனியாவுக்குப் போனது. அதிபரின் தாத்தா யாக்கோபு 1878இல் கன்சாஸுக்கு நகர்ந்தார்.

சரி, ஜெர்மனில் Eisenhauer என்று இருந்த எழுத்து அமெரிக்காவில் Eisenhower என்று ஏன் மாறியது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜெர்மனில் 'ஏ, யூ' சேர்ந்தால் 'அவ்'. ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் 'ஆகஸ்ட்' போல 'ஆ' பக்கம் போய்விடும். 'ஓ, டபிள்யூ' போட்டால்தான் பழைய ஒலி வரும். தொலைபேசியில் நாம் சொல்லும் பெயரை எதிர்முனையில் இருப்பவர் காதில் விழுந்தபடி தன் வழக்கப்படி எழுதிக்கொள்வாரே, அதுபோலத்தான். எழுத்து மாறியதால்தான் ஒலி பிழைத்தது.

எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் இப்படிப் பெயர்களை மாற்றினார்கள் என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல், இந்தக் குடும்பம் வந்து 150 ஆண்டுகள் கழித்து.