பழைய ஆங்கிலப் படங்களில் வரும் பிரிட்டிஷ் லாரிகளை எப்படி அடையாளம் காண்பது? ரயில் நிலையக் காட்சிகளில் வரும் மூன்று சக்கர லாரி எது?

முதலில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1957இல் வெளியான ‘ஹெல் டிரைவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்தை நண்பர்களோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஜல்லி ஏற்றும் டிரைவர்கள், ஒரு நடை கூடுதலாக அடிப்பதற்காக ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பறக்கும் கதை. முதல் லாரி திரையில் வந்ததுமே, “லேலண்ட் காமெட்!” என்று அறிவித்துவிட்டேன். என் தந்தை லாரிப் பட்டறை வைத்திருந்தவர். காமெட் வண்டி எண்ணூரில் 1951 முதலே பூட்டப்பட்டது என்பதால், எங்கள் வீட்டில் அதற்குக் குலதெய்வத்துக்கு அடுத்த இடம். அரை மணி நேரம் கழித்து ஒரு லாரி பக்கவாட்டில் வந்து நின்றது. டாட்ஜ்!

ஏமாந்தது கேபினைப் பார்த்து. டாகன்ஹாமில் இருந்த பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ் என்ற நிறுவனம் அந்தக் கேபினைச் செய்து லேலண்ட் காமெட், ஃபோர்டு தேம்ஸ், டாட்ஜ் மூன்றுக்குமே கொடுத்தது. கதவும் கண்ணாடியும் கூரையும் ஒரே சாயல். வேறுபடுவது மூக்குதான். லண்டன் கியூ பகுதித் தொழிற்சாலையில் 1949 முதல் தயாரான இந்த டாட்ஜின் பானட், முன்னே சரிந்து நுனியில் அலகு போல் இறங்கும். ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரே கிளிமூக்கு. கிளிமூக்கு மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்த எனக்கு அது கண்ணில் படாமல் போனதுதான் வேடிக்கை.

அன்று முதல் நான் கேபினைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் சக்கரங்களை எண்ணுவேன். முன்னால் இரண்டு அச்சு, இரண்டும் ஸ்டீயரிங்கோடு திரும்புகின்றன, பின்னால் இரண்டு அச்சு, டிரெய்லர் இல்லாத ஒரே நீள வண்டி என்றால், அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் லாரிதான். லேலண்டில் இதன் பெயர் ஆக்டோபஸ். எட்டுக் கால் பிராணியின் பெயரை எட்டுச் சக்கர வண்டிக்கு வைத்த குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும் (இரட்டை டயரை ஒன்றாக எண்ணுவது வழக்கம்). அதே வீட்டில் ஆறு சக்கரத்துக்கு ஹிப்போ, நான்குக்கு பீவர். ஆனால் ஏஇசி, ஃபோடன், அட்கின்சன் ஆகியவையும் எட்டுச் சக்கர லாரி செய்தன. ஆகவே சக்கரத்தை எண்ணினால் நாடு தெரியும், வீடு தெரியாது.

வீட்டைக் காட்டிக்கொடுப்பது ரேடியேட்டர் மேலிருக்கும் சின்னம். படத்தை நிறுத்தி அங்கே பாருங்கள். வட்டத்துக்குள் பெரிய ‘ஏ’ எழுத்து என்றால் அட்கின்சன். முக்கோணத்துக்குள் எழுத்துகள் என்றால் ஏஇசி. உதிக்கும் சூரியன் என்றால் கிளாஸ்கோவின் ஆல்பியன். மூடியின் மேல் இறகுத் தலைப்பாகை அணிந்த செவ்விந்தியர் தலை என்றால் வுல்வர்ஹாம்ப்டனின் கை மோட்டார்ஸ். அவர்களுடைய விளம்பர வாசகமே “எங்கள் தொப்பியில் இறகுகள்” என்பதுதான். ஈஆர்எஃப் என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ஃபோடன் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் ரிச்சர்டு ஃபோடன், டீசல் லாரிதான் இனி என்று தனியே பிரிந்து 1933இல் தன் பெயரின் முதலெழுத்துகளிலேயே தொடங்கியது அது. இரண்டு தொழிற்சாலைகளும் சாண்ட்பாக் என்ற அதே சிற்றூரில். பங்காளிகள் எதிரெதிரே கடை வைப்பது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

லாரி திரும்பிப் போகும்போது அதன் முதுகையும் பாருங்கள். ‘20’ என்று எழுதிய வட்டத் தகடு இருந்தால், அது சரக்கு ஏற்றாத எடையே 3 டன்னைத் தாண்டும் கனரக லாரி. மணிக்கு 20 மைல்தான் அதற்கு அனுமதி. 1957இல்தான் அதை 30 ஆக உயர்த்தினார்கள். கதவில் சக்கரத்தின் மேல் நிற்கும் சிங்கம் தெரிந்தால், 1948இல் லாரிப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியபோது உருவான பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ் நிறுவன வண்டி. நம்பர் பிளேட்டின் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1963இல்தான் வந்தது. ஐம்பதுகளில் நடக்கும் கதையில் அது தலைகாட்டினால் கலை இயக்குநர் கோட்டைவிட்டிருக்கிறார்.

போர்ப் படங்களில் ஜெர்மன் ராணுவ லாரியின் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அது சாயம் பூசிய பெட்ஃபோர்டு கியூஎல் என்ற பிரிட்டிஷ் ராணுவ லாரியாக இருக்கலாம்.

ஒலியை மட்டும் நம்பாதீர்கள். கோமர் லாரியின் டிஎஸ்3 எஞ்சின் மூன்று சிலிண்டரில் ஆறு பிஸ்டன் எதிரெதிராக ஓடும் டூ ஸ்ட்ரோக் டீசல். அதன் அதிரடிச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் படத்தில் கேட்பது பிறகு சேர்த்த சத்தமாகவும் இருக்கும்.

இனி உங்கள் மூன்று சக்கர லாரி. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் டிரெய்லர் என்றால் அது பெரும்பாலும் வாட்ஃபோர்டின் ஸ்கேமல் நிறுவன வண்டி. சரக்கு நிலையங்களில் குதிரை வண்டிகளுக்குப் பதிலாக வந்ததால் முதல் மாடலின் பெயரே இயந்திரக் குதிரை. பின்னோக்கி ஓட்டி டிரெய்லரில் முட்டினால் தானே பூட்டிக்கொள்ளும். இறக்கிய டிரெய்லரை விட்டுவிட்டு ஏற்றியதை இழுத்துப் போகலாம். கேபின் பெட்டி போல் மூலை மூலையாக இருந்தால் முப்பதுகளின் இயந்திரக் குதிரை. வண்டு முதுகு போல் உருண்டிருந்தால் 1948இல் வந்த ஸ்காரப். ஆமாம், இங்கே மட்டும் கேபினைத்தான் பார்க்க வேண்டும்.